கடப்பாரை இறங்கிய இடம்

விக்கிரமங்கலம்,
பங்குனி 24.

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா ஆண்டவர் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். ஷில்லாங் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. சில எழுத்து பூசணிக்காய் போலவும் சில எழுத்து கடுகு போலவும் இருக்கும். கோட்டின் மேல் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கின்றன. ஆனால் எல்லாம் நானே எழுதியது. தை மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். பிரவீணா டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். போன வாரம் கூட்டுறவுச் சங்கத்தில் வழக்கம்போல கைநாட்டு வைக்க மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். பேனா கொடுங்க என்று கேட்டேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. உன் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும், ரொம்பத்தான் அலட்டாதீங்க என்கிறாள்.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சாப்பிட்டீங்களா என்று நீ கேட்டால் நான் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படி வைத்துவிடக் கூடிய விஷயம் இல்லை.

மைதானத்தைப் பற்றித்தான். பெரம்பலூர் பல்கலைக்கழகத்தில் பழைய கால்பந்து மைதானத்தில் விடுதி கட்டிவிட்டதால் புது இடம் தேடுகிறார்கள் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் வேலையும் வருகிறது என்றாய். நம்ம ஊர்ல மைதானம் வந்தா இந்த ஷில்லாங் வேலையை விட்டுட்டு வூட்டோட வந்துடுறேம்ப்பா என்றாய். விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, அன்றிலிருந்து உன் அம்மா உன் கட்டிலில் மிளகாய் காய வைப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் இரண்டு இடம் மிஞ்சியது. ஒன்று பாடாலூரில் ரோட்டோரம். இன்னொன்று நம் காசிநாதனின் பருத்திக் கொல்லை. பங்குனி பத்தாம் தேதி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெண் பார்க்க ஆள் வருகிற மாதிரி ஊரே கிளம்பிவிட்டது. முதல் நாள் காசிநாதன் காய்ந்து நின்ற பருத்தி மாரைப் பிடுங்கிப் போட்டு, மண்ணைச் சமப்படுத்த டிராக்டரில் பரம்பு கட்டி இழுத்து, தண்ணீர் தெளித்தான். கரிசல் மண் வெடித்துக் கிடந்ததெல்லாம் மூடிக்கொண்டு, நிலம் மெழுகிவிட்ட வாசல் போல ஆகிவிட்டது. பரம்புப் பலகை அழுந்த வேண்டும் என்று அதன் மேல் ஏறி நின்றது யார் தெரியுமா? நான்தான். மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றேன். நீ வர வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

மறுநாள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிலிருந்து சுதர்சன் சாரும் ஓர் என்ஜினீயரும் வந்தார்கள். உன் அம்மா பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். என்ஜினீயர் நான்கு தின்றார். நடந்து பார்த்துவிட்டு, பாடாலூரை விட இது சமமா இருக்கே சார் என்று அவர் சொல்லிவிட்டார். காசிநாதன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மைதானம் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்போது வேனிலிருந்து நான்கு பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். ஓடிப் பார்த்துச் சொல்லட்டும் என்று சுதர்சன் சார் கூட்டி வந்திருக்கிறார். அதில் ஒன்று ஒல்லியாக, முழங்கை வெளியே தெறிக்க ஓடியது. நீ ஓடுகிற மாதிரியே இருந்தது மணிமொழி. அந்தப் பக்கத்தில்தான் ஒன்பதாம் வகுப்பில் உன் கால் வெடிப்புக்குள் போய்க் கணுக்கால் முறிந்தது. அரியலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நீ அழவே இல்லை, இனிமே ஆட முடியுமாப்பா என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாய். அந்தப் பிள்ளைக்கும் ஓர் அப்பன் இருப்பானே.

நிற்கச் சொல்லி ஒரு சத்தம் போட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, வெடிப்பு இருப்பதாக எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்திக் கையை விட்டேன். நான் குத்தவில்லை, அதன் கனத்திலேயே போனது. ஒரு சாண்தான் வெளியே நின்றது. மேலாகத்தாங்க மூடி இருக்கு, மழை பேஞ்சா சேறு, காஞ்சா வெடிப்பு, புள்ளைங்க கால் போயிரும் என்றேன். மூடினதில் நானும் ஒருத்தன் என்றும் சொன்னேன்.

காசிநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. யோவ் அண்ணே, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட மாப்ள வூட்டுக்காரன் மாதிரி குத்தம் சொல்றியே என்று கத்தினான். என்ஜினீயர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இங்கே மூன்று அடி மண்ணை அள்ளி வேறு மண் நிரப்புவதை விடப் பாடாலூர்ச் சரளைச் செம்மண் நிலமே மேல் என்றார். அதோடு முடிந்தது. போன திங்கட்கிழமை பாடாலூர் என்றே எழுதிவிட்டார்களாம்.

சுதர்சன் சார் மட்டும் என் பக்கத்தில் வந்து, உங்க ஊருக்கு மைதானம் வேணாமாய்யா என்று கேட்டார். அதற்கு உன் கால் கதையைச் சொன்னேன். உன் பெயரைக் கேட்டதும், ரயில்வே அணியில ஆடின மணிமொழியா என்று கேட்டார். உனக்குத் தெரியுமா அவரை? பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்க, சித்திரை பதினைந்து வரைக்கும் நாள் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் அம்மா இரண்டு நாள் சோற்றை மூடி வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் சோறு போடும்போது, புள்ள வூட்டுக்கு வர வழிய நீங்களே அடைச்சிட்டீங்களே என்றாள். பிறகு குழம்பை நிறைய ஊற்றினாள். நான் செய்தது தப்பு என்று அவளும் சொல்லவில்லை. காசிநாதன் இன்னும் எதிரில் வந்தால் வாய்க்கால் பக்கம் இறங்கிப் போகிறான். நாலைந்து நாளில் சரியாகிவிடுவான். சீட்டு ஆட அவனுக்கும் ஆள் வேண்டும் அல்லவா.

மணிமொழி, நீ சொன்னது நம் ஊர். பாடாலூர் நம் ஊர் இல்லைதான். தினமும் வந்து போக முடியாது, அங்கேயே தங்க வேண்டியிருக்கும். ஷில்லாங்கில் கிடைத்த நல்ல வேலையை இதற்காக விடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் நேற்று உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாடாலூர் போய் வந்தேன். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாற வேண்டும். யாரையும் கேட்கவில்லை, பலகையைப் பார்த்து நானே ஏறினேன். அந்தச் செம்மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். நல்ல மண். கால் வலிக்கவில்லை. பக்கத்தில் வாடகை வீடும் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். உன் அம்மா அதற்குள் அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டாள்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நீ ஓடுகிற இடமெல்லாம் உன் காலுக்குக் கீழே மண் கெட்டியாக இருக்கட்டும். சித்திரை பதினைந்துக்குள் அந்த விண்ணப்பத்தை ஒரு தடவை எடுத்துப் பார். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். நீ என்ன முடிவு செய்தாலும் எழுதுவேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஆண்டவர்