இடது தோள்

கிங்மன், அரிசோனா
ஏப்ரல் 3

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

பிரிந்து இரண்டு வருடம் கழித்து என் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. வக்கீல் கடிதம் இல்லை. போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன். வழக்கம்போல மையெல்லாம் என் கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது, பொறுத்துக்கொள்.

என்னோடு பள்ளிப் பேருந்து ஓட்டும் யோலண்டா சனிக்கிழமைதோறும் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறாள். தகர டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடுகிறோம். டெல்பர்ட், எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது! சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறேன். இராணுவத்தார் வைத்திருப்பதைப் போன்றது, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளுமே, அது. எதை வாங்கலாம்? இதில் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நோரீன்

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
ஏப்ரல் 11

என் நோரீனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

கேள். மரக்கட்டை போட்ட பழைய இராணுவத் துப்பாக்கி வேண்டாம். கனம் அதிகம், தோளை உதைத்தே நீலமாக்கிவிடும். வளைந்த தோட்டாப் பெட்டி வைத்தது சேற்றில் போட்டாலும் சுடும், ஆனால் டப்பாவுக்குக் குறி வைத்தால் பக்கத்துப் புதரில் படும். உனக்கு ஏற்றது ஏ.ஆர். ரகம்தான். எடை குறைவு, உதை குறைவு, உன் கைநீளத்துக்குத் தகுந்தபடி தோளில் பதியும் கட்டையை நீட்டலாம், சுருக்கலாம். கூட்டிப் பார்த்தாலும் நம் பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் நீ எனக்குச் சுட்டுக் காட்டியது ஐந்து டப்பா! இதில் நீயே ஆச்சரியப்படுவாய்.

நீ ஒன்றும் வாங்காதே, நானே வாங்கி அங்குள்ள கடைக்கு அனுப்புகிறேன். படிவம் எழுதிக் கொடுத்து, அவர்கள் விசாரித்து முடித்ததும் எடுத்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது உனக்குப் பிடித்துவிட்டால், நான் வரட்டுமா? பார்த்துவிட்டுப் போக இல்லை. இருக்க.

உன் டெல்பர்ட்

கிங்மன்
ஏப்ரல் 18

டெல்பர்ட்,

அனுப்பு. பிடித்தால் வா. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டே காத்திரு!

நோரீன்

கிங்மன்
மே 9

டெல்பர்ட்டுக்கு,

துப்பாக்கி வந்தது. அழகோ அழகு. கடைக்காரரே இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முதல் குண்டு டப்பாவைத் தூக்கி அடித்தது. நான் கத்திய கத்தலில் யோலண்டாவின் நாய் ஓடியே போய்விட்டது. இரண்டாவது குண்டில், சூடான பித்தளைக் கூடு என் மூக்குக்கு முன்னால் பறந்து வந்து சட்டைக்குள் விழுந்தது. குழலை மண்ணைப் பார்க்கப் பிடித்துக்கொண்டே ஆடினேன். பாதுகாப்புப் பூட்டும் என் கட்டைவிரலுக்கு எட்டாத பக்கத்தில் இருக்கிறது.

ஏனென்றால், இது கூடு வலப்பக்கம் தெறிக்கிற துப்பாக்கி, நானோ இப்போது இடது தோளில் வைத்துச் சுடுகிறேன். பாலைவனத்துக்குப் போன முதல் நாளே யோலண்டா கேட்டாள். "ஏண்டி, சோறு திங்கிறது, எழுதுறது எல்லாம் இடது கையில. இத மட்டும் எதுக்கு வலது தோள்ல வெக்கிற?" என் புருஷன் அப்படித்தான் வைத்துவிட்டான் என்றேன். மாற்றி வைத்தேன். பத்துக்கு எட்டு!

பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் முழங்கை உன்னை இடிக்காத நாள் உண்டா? "தள்ளி உக்காரு" என்று சொன்னாயே தவிர, ஏன் இடிக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தாயா? நான் இடது கைக்காரி என்பதை நீ நினைவில் வைத்திருப்பாயா என்றுதான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். எனக்கு அழுகை வருகிறது.

நீ வர வேண்டாம்.

நோரீன்

மைல்ஸ் சிட்டி
மே 17

நோரீனுக்கு,

சனிக்கிழமை என் துப்பாக்கியை இடது தோளில் வைத்தேன். முப்பது குண்டு. டப்பாவில் பட்டது இரண்டு. கூடு கன்னத்தில் சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு ஆர்வில் சிரித்தான். "டேய் டெல்பர்ட்டு, உம் பொஞ்சாதிகிட்டயா சுடக் கத்துக்கிட்ட?" நான் உன்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பத்தொன்பது வருடம் இதைத் தாங்கிக்கொண்டு நீ ஐந்து டப்பாவை அடித்திருக்கிறாய்! எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது.

கூடு இடப்பக்கம் தெறிக்கிற வகை இருக்கிறதாம். கேட்டதும் துள்ளிக் குதித்தேன், கடைக்கும் ஓடினேன். ஆனால் வாங்காமல் திரும்பிவிட்டேன். நீயே தோளில் வைத்துப் பார்த்து எடு. உன் தோள் எது என்று உனக்குத்தான் தெரியும்.

கட்டிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

டெல்பர்ட்

கிங்மன்
மே 24

டெல்பர்ட்,

கடைக்குப் போய் ஐந்து துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்தேன். ஒன்று சரியாக உட்கார்ந்தது, எடுத்துவிட்டேன். நீ அனுப்பியது உனக்கு இருக்கட்டும், இங்கேயே வைத்திருக்கிறேன்.

வரும்போது காலி டப்பாக்கள் நிறையக் கொண்டு வா. சாப்பாட்டு மேசையில் இடது ஓரம் எனக்கு.

நோரீன்