இடப்பக்கம் சுற்றிய தம்பிக்கு

என் அன்புச் சின்னவன் குமரனுக்கு,

களைப்பாக இருக்கிறது, தம்பி. லண்டன் இல்ஃபோர்டில் ஓயாத மழை. சமையலை முடித்து, மாதக் கணக்கை எழுதிவிட்டு உட்கார்ந்தால், கனடாவிலிருந்து உன் மனைவி சுமதியும் மகள் ஆரணியும் மாறி மாறி அழைக்கிறார்கள். இருவருக்கும் ஒரே கேள்விதான்: உன் பந்தயக் காரை ஆரணி ஓட்டலாமா, கூடாதா? நான் சொல்வதுதான் முடிவாம். நீ உயிரோடு இருந்தபோது என் பேச்சை யாரடா கேட்டது?

உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. கோயிலில் கேட்டால் கராஜில் மெக்கானிக் என்பேன். சனிக்கிழமைகளில் ரேஸ் ஓடினவன் என்றால் சிரிப்பார்கள். கனடாவில் ஒன்ராறியோவின் சின்னச் சின்ன வட்டப் பந்தயப் பாதைகளில், நீயே தட்டி நிமிர்த்திய காரில் வருடக்கணக்காக ஓடினாய். ஒருமுறை மூன்றாவதாக வந்தாய். மற்றபடி நடுவில் எங்கேயோ. அந்த மூன்றாம் இடத்துக்கு நான் இங்கே பொங்கல் வைத்தேன், தெரியுமா?

முதன்முதல் வீடியோவில் பார்த்தபோது நான் பதறியது வேகத்தைக் கண்டல்ல. எல்லாக் கார்களும் இடமாகவே சுற்றின. உடனே உன்னை அழைத்தேன்.

"செத்த வீட்டிலைதானடா இடமாச் சுத்துறது. கோயிலிலை வலமாயெல்லோ சுத்துவம்?"

"அக்கா, நடுவிலை சாமியே நிக்குது? ஆம்புலன்ஸெல்லோ நிக்குது!"

சிரித்துவிட்டு நீ ஓடினாய். நான் சனிக்கிழமைதோறும் உனக்கும் சேர்த்து அம்மனை வலம் வந்தேன்.

நீ காரில் சாகவில்லை. வேலைக்குப் புறப்படும்போது வீட்டிலேயே நெஞ்சு நின்றது. ஆனால் சுமதி சொல்கிறாள்: "நீங்கள்தானே மச்சாள் சொன்னனீங்கள், இடமாச் சுத்தக்கூடாதெண்டு. அதுதான் அவரைக் கொண்டுபோட்டுது. இப்ப பிள்ளையையும் விடட்டே?"

ஆரணியோ, "மாமி, அப்பான்ரை கார் சும்மா நிண்டு கறள் பிடிக்குது. அம்மாட்டைச் சொல்லுங்கோ, பிளீஸ்" என்று அழுகிறாள்.

நான் என்ன செய்ய?

நேற்று விளக்கேற்றும்போது உன் செத்த வீடு நினைவுக்கு வந்தது. உனக்கு மகன் இல்லை. கொள்ளிக்குடம் தூக்கியவள் ஆரணிதான். ஐயர் சொன்னபடி உன்னை இடமாகச் சுற்றி வந்தாள். குடத்துத் தண்ணீர் அவள் தோளையெல்லாம் நனைத்தது, கால் தடுமாறவில்லை. நானும் சுமதியும் கைகூப்பி நின்றோமே தவிர, தடுக்கவில்லையே. அந்தக் குடத்தைச் சுமந்து இடமாகச் சுற்றிய பிள்ளைக்கு இந்தக் காரையா மறுப்பது?

பயப்படவும் எனக்கு இனித் தெம்பில்லை. நாளை சுமதியிடம் சொல்லப்போகிறேன்: இடமாகச் சுற்றக்கூடாதென்றது என் வாயில் வந்த பேச்சு, அம்மன் போட்ட சட்டமல்ல, அதற்காக அம்மன் யார் உயிரையும் எடுக்கமாட்டாள் என்று. சுமதி கேட்பாளா? தெரியாது. கேட்கும்வரை சொல்வேன்.

ஆரணி ஓடும் முதல் சனிக்கிழமை நானும் அங்கே இருப்பேன், தம்பி. முழங்கால் வலித்தாலும் பந்தயம் பார்ப்பவர்களின் தகர இருக்கையில் சுமதியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பிள்ளை கடைசியாக வந்தாலும் சரி, கார் நின்று அவள் வெளியே இறங்கும்வரை அந்தக் கையை விடமாட்டேன்.

உனக்கு இருந்த ஒரே அக்கா,
பூமணி