கண்ணை மூடிச் சொன்னவை

மார்ச் 4, செவ்வாய்

குடிநீர் ஆய்வகத்தில் மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவர் அழைத்தார். அப்பாவின் தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான். பதினெட்டாம் தேதி குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு கிடையாது.

அதற்குள் அவர் என் மகளிடம் பேசியாக வேண்டும்.

மார்ச் 6

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேரில் திட்டுவதில்லை. மாலை ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் கோள் சொல்வோம். தம்பி சிகரெட் பிடிப்பது எனக்கே ஒரு ஜெபத்தில்தான் தெரிந்தது. அம்மா இருந்தவரை பாதிச் சண்டையை அங்கேதான் போட்டாள். எனக்கு நம்பிக்கை போய் முப்பது வருடம். ஆனாலும் அப்பாவுக்காக உட்காருவேன்.

நவம்பரில் மகள் கணவனை விட்டு வந்தாள். அடி தாங்க முடியாமல். அன்று மாலையே அப்பா ஜெபித்தார்: "தகப்பனே, பொறுத்துப்போகத் தெரியாத இந்தப் பிள்ளைக்கு வெட்கத்தைக் கொடும்."

பாதியில் எழுந்து போனவள்தான். பெண்கள் விடுதியில் இருக்கிறாள்.

மார்ச் 9

அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேனே என்கிறார்.

அதுதானே பிரச்சினை?

மார்ச் 12

விடுதி வாசலில் பத்து நிமிடம். விஷயத்தைக் கேட்டு அழுதாள். பிறகு சொன்னாள்: "வரேம்மா. ஆனா தாத்தா என்கிட்ட சொல்லட்டும். கடவுள்கிட்ட சொல்ல வேணாம்."

அப்பாவிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 17

வந்தாள். மருத்துவமனைக் கட்டிலருகே நின்றாள். அப்பா அவள் கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார் — கண்ணை மூடிக்கொண்டார். "எங்கள் பரம பிதாவே..."

கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

கதவு சாத்தியது அவருக்குக் கேட்கவில்லையா? கேட்டும் நிறுத்தத் தெரியவில்லையா? "இந்தக் குழந்தையை நோகடித்தேன், என்னை மன்னியும்" என்று முடித்தார். கண் திறந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 18

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 30

போனில் மகளிடம் சொன்னேன். தாத்தா அன்று மன்னிப்புத்தான் கேட்டார் என்று.

"யார்கிட்ட கேட்டார்?"

அவளே தொடர்ந்தாள். "அவரை விடும்மா. அவர் எப்பவும் அப்படித்தான். நவம்பர்ல நான் வாசல்ல செருப்பு மாட்டிட்டு இருந்தேன். ஜெபம் முடிஞ்சுது. நீ ஆமென் சொன்னது கேட்டுச்சு."

பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள். அதற்குமேல் என்னத்தைச் சொல்வாள்?

ஏப்ரல் 13

இரண்டு வாரமாக அவள் போனை எடுப்பதில்லை.

மாலை ஏழு மணிக்கு அப்பா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடுகிறார். உதடுகள் மட்டும் அசைகின்றன. அவள் பெயர் வரும் இடம் எனக்குத் தெரிகிறது. முடித்ததும் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்க்கிறார். காத்திருக்கிறார்.

நான் ஆமென் சொல்வதில்லை.