அவன் கைக்கு வைத்த அளவு

6 ஆகஸ்ட் 2003

கடையில் இன்று முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. டைப் அடித்து அடித்து விரல் மரத்துப்போய், ரிகர்சலுக்கு மாடியேறினால் என் ஸ்டூலில் வேறொருவன். பெயர் விஷால். பொத்தேரி காலேஜில் படிக்கிறானாம். நெற்றியில் முடி வழிய, மடியில் கிட்டார். எங்கள் பாட்டுக் குழுவுடைய கிட்டார்தான். ஆனால் இத்தனை வருடம் என் மடியில் இருந்தது.

இனி மேடையில் அவன் வாசிப்பானாம். நான் மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து சவுண்டு மட்டும் செட் பண்ணித் தர வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். குழுவை நடத்துகிற வரதன் அண்ணன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மகாபலிபுரம் ஓட்டல்ல நம்மள கேட்டுகினு கீறாங்க ஜெனிட்டா. வெள்ளக்காரன் வர்ற எடம். மேடைக்கு ஒரு லுக்கு வேணாமா?"

சரிண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சரி என்றேன்?

7 ஆகஸ்ட்

லுக்கு. லுக்காம் லுக்கு.

10 ஆகஸ்ட்

கிட்டார் சத்தத்தை வேறு வேறாக மாற்றுகிற அந்தக் கறுப்புப் பெட்டியை, பிராசசரை, அண்ணன் வாங்கி வந்தபோது அதைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு முட்டி மோதியவள் நான். கிட்டாரில் வீணை மாதிரி, ஷெனாய் மாதிரி, இடி மாதிரி, எல்லாம் நான் செய்தவை. இப்போது விஷால் காலால் ஒரு மிதி மிதித்தால் என் வீணை அவனுக்கு வந்துவிடுகிறது.

"செம சவுண்டு சார்" என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணனும் வெட்கமில்லாமல் சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

16 ஆகஸ்ட்

பெட்டியில் நான் செய்து வைத்த எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அழித்தால் அடுத்த நிமிடமே என்னைத்தான் பார்ப்பார்கள். கூடாது. அவன் கையே அவனைக் கவிழ்க்க வேண்டும். எல்லோர் முன்னாலும். அவனுக்கே காரணம் தெரியாமல்.

23 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது!

பெட்டிக்கு வெளியே இருக்கிற பெடலை நாம் காலால் அசைக்கிறோம். பெட்டிக்கு உள்ளேயும் அதுபோலச் சில இருக்கின்றன. மாடிஃபயர் என்று போட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கால் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று நேரம் போகப்போகத் தானாக நகரும். ஒன்று அலை மாதிரி ஏறி இறங்கும். என் வீணைக்கு நடுக்கம் கொடுத்தது அதுதான். மூன்றாவதை நான் இதுவரை தொட்டதில்லை. கம்பியை எவ்வளவு ஓங்கி அடிக்கிறோம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எதை அதோடு கட்டிவிடுகிறோமோ அதைத் திருப்பும்.

சுருதியைக் கட்டிவிடப் போகிறேன். மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. ஓங்கி அடித்தால் அரைக் கட்டை இறங்கிவிடும். சத்தம் ஓய ஓய மறுபடி ஏறும்.

ரிகர்சலில் ஒருவருக்கும் தெரியாது. கீழ்வீட்டுக் காசியம்மாள் சத்தம் கேட்டால் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிடுவார். அதனால் அந்த மாடியில் எல்லோரும் கம்பியைத் தடவிக் கொடுப்பதோடு சரி. மேடையில் விஷால் எப்படி என்பதை அவன் காலேஜ் விழாவில் பார்த்துவிட்டேன். துணி துவைக்கிற அடி.

27 ஆகஸ்ட்

காசியம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். "ஒரு தடவ ஓங்கி அடி, அளவு பாக்கணும்" என்றேன் விஷாலிடம். அடித்தான். எந்த அளவுக்கு மேல் போனால் சுருதி இறங்க வேண்டும் என்பதை அந்த அடிக்குச் சரியாக வைத்து சேவ் பண்ணினேன்.

"தேங்க்ஸ்க்கா" என்றான். தேங்க்ஸாம்.

14 செப்டம்பர்

இன்று சதுரங்கப்பட்டினம் சர்ச் திருவிழாக் கச்சேரி. அம்மா பிறந்த ஊர். அம்மாவும் மாமா வீட்டு ஆட்களும் முன்வரிசையில் இருப்பார்கள். வரட்டும். பார்க்கட்டும்.

15 செப்டம்பர்

எழுதவே கை வரவில்லை.

சிலுவையடியில் மாதா அழுகிற பாட்டு. எங்கள் குழுப் பாடகர் எல்லப்பன் எழுதியது. அவரே பாடினார். நடுவில் கிட்டார் தனியாக வர வேண்டிய இடத்தில் விஷால் ஓங்கி அடித்தான். சுருதி இறங்கியது. பயந்துபோய் கிட்டாரைப் பார்த்தான். நான் மிக்ஸர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்தடா என்று நினைத்தேன்.

மறுபடி அடித்தான். சுரம் சரிந்து, திணறி, மேலே ஏறியது. முன்வரிசைப் பெண்கள் அழுகையை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவனுக்கும் அது புரிந்துவிட்டது. மூன்றாவது தடவை வேண்டுமென்றே அடித்தான். அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள்.

அம்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். "அந்தப் புள்ள கிட்டார அழ வெச்சிட்டாண்டி. மாதாவே அழுத மாரி இருந்துச்சி."

நான் வெச்சதும்மா அது. நான்! வாயைத் திறந்து சொல்ல முடியுமா? சொன்னால் எதற்கு வைத்தாய் என்று கேட்பாளே.

18 செப்டம்பர்

'விஷால் அழுகை' என்று பெயரே வைத்துவிட்டார் அண்ணன். இன்னும் மூன்று பாட்டில் அது வேண்டுமாம். போட்டுக்கொடு என்று என்னிடமே சொல்கிறார். எப்படி வருகிறது என்று யாரோ கேட்டதற்கு, கைவாகு என்றான் அவன்.

கைவாகு!

பழிவாங்கப் போனேன். அதையும் பிடுங்கிக்கொண்டான்.

4 அக்டோபர்

மாமல்லபுரம் ஓட்டல், புல்வெளி, கடல்காற்று, வெள்ளைக்காரர்கள். மத்தியானம் வயர் மாட்டுகிற சாக்கில் பெட்டியிடம் போய் அந்த மாடிஃபயரை எல்லாப் பாட்டிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

எல்லப்பன் கையைக் காட்டி, இதோ இப்போது கிட்டார் அழும் என்று அறிவித்தார். விஷால் அடித்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். இல்லை. அடுத்த அடியில் கம்பி அறுந்தது. அண்ணன் கீபோர்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நான் லெமன் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான சோடாவை என் வாழ்நாளில் குடித்ததில்லை.

திரும்பும்போது வேனில் அண்ணன் கத்தினார். எடுத்தது நான்தான் என்றேன். "அது என் சவுண்டு. நான் மேடையில நின்னா அதுவும் இருக்கும்ணா."

"அப்போ நான் வாசிச்சது?" என்றான் விஷால்.

"நீ அடிச்ச. அழுதது அது."

அவன் மெதுவாக, "அத மொதல்ல எதுக்குக்கா வெச்சீங்க?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

12 அக்டோபர்

அண்ணன் கடைக்கே வந்தார். நீ இல்லாமல் அந்த அழுகை வராது, வா என்றார். தனியாக வருகிற இடமெல்லாம் வாசிக்கிற லீட் கிட்டார் நான். விஷால் என் பக்கத்தில் நின்று துணைக்கு ரிதம் வாசிப்பான். அவனுக்கு இஷ்டம் இல்லையென்றால் போகட்டும் என்றேன். அவன் போகவில்லை.

30 அக்டோபர்

திருப்போரூர், சஷ்டிக் கச்சேரி. முதல்முறையாக நின்றுகொண்டு வாசித்தேன். அழுகையை மறுபடி போட்டிருந்தேன். முருகனிடம் புலம்புகிற பாட்டு. கிட்டார் அழ வேண்டிய இடம் வந்தது. ஓங்கி அடித்தேன்.

வரவில்லை.

மறுபடி அடித்தேன். வரவில்லை. காசியம்மாளுக்குப் பயந்து பயந்து தடவிய கை இது. எவ்வளவு ஓங்கினாலும் அந்த அளவை எட்டவில்லை. பக்கத்தில் விஷால் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அது என் அடிக்கு வெச்சதுக்கா" என்றான், உதடு அசையாமல். எல்லாம் தெரிந்திருக்கிறது அவனுக்கு.

அந்தப் பாட்டு அழுகை இல்லாமலே முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் மேடையிலேயே குனிந்து, அவன் கைக்கு வைத்த அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். கடைசிப் பாட்டில் கையை ஓங்கவே இல்லை. வழக்கமாக அடிப்பதைவிடக் கொஞ்சம் அழுத்தினேன். அழுதது.

டிசம்பரில் மறுபடி சதுரங்கப்பட்டினம். அம்மா வரட்டும். பார்க்கட்டும்.