கதிர்காமப் பயணத்தில் ஒரு தலை குறைந்த கதை

கந்தப்பளை
19.8.1962

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையும் குளிரும் விடாவிட்டாலும் நாங்கள் எல்லோரும் சுகம். திருகோணமலையில் நீயும் மாப்பிள்ளையும் பிறந்து நாற்பது நாளான சின்னவனும் சுகமாக இருக்க முருகன் துணை. உன் மூத்தவள் தெய்வானையும் நல்ல சுகம், இதை எழுதும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்து வருவதைப் படித்து நீ பதறக் கூடாது.

உனக்கு நல்லபடியாகப் பிரசவமானால் கதிர்காமம் வருகிறோம் என்று அம்மா வேண்டியிருந்தாளே, போன வாரம் போய் வந்தோம். மஃறூப் முதலாளி தன் மரக்கறி லொறியைக் கொடுத்தார். ஓட்டியது நான், பக்கத்தில் உன் அண்ணன் வீரய்யா, பின்னால் படங்குத் துணிக்குக் கீழே அம்மாவும் அண்ணனுடைய மூன்று பிள்ளைகளும் தெய்வானையும். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. வெலிமடை தாண்டுவதற்குள் நான்கு பிள்ளைகளும் முறை வைத்து வாந்தி எடுத்தார்கள், ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர். பண்டாரவளை வரைக்கும் லொறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். அண்ணன் மகன் மாயாண்டி வளைவுக்கு வளைவு தகரத்தைத் தட்டி, "தாத்தா, கதிர்காமம் வந்துருச்சா?" என்று கேட்டே என் உயிரை வாங்கினான்.

வெல்லவாயவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். அங்கே நான் ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கி, உருளாமல் இருக்கட்டும் என்று பின்னால் கம்பளிக்குள் சுருட்டி வைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை, அதுதான் நான் செய்த பிழை. பிள்ளைகள் ஏறிப் படுத்துவிட்டார்கள். கடைசியாக ஏறிய அம்மா அந்த மங்கலில் கம்பளியைத் தடவித் தடவி நான்கு தலை எண்ணி, "எல்லாம் இருக்குங்க, எடுங்க" என்றாள். எட்டு மைல் போயிருப்போம். மாயாண்டி எழுந்து, "அப்பாயி, தெய்வானைத் தலை கல்லு மாதிரி இருக்கு" என்றிருக்கிறான். அம்மா கம்பளியை இழுத்துப் பார்த்துப் போட்ட சத்தத்தில் நான் பிரேக்கை மிதித்தேன்.

இரண்டு பக்கமும் காடு. அந்த ஒடுங்கிய ரோட்டில் லொறியைத் திருப்பும்போது, முப்பது வருசம் தோட்டத்து லொறி ஓட்டிய இந்தக் கைக்குக் கியர் பிடிபடவில்லை. வீரய்யா தான் ஓட்டுவதாகச் சொன்னான், நான் விடவில்லை. கடைக்குப் பின்னால் கிணறு இருந்ததா, யாராவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களா, உனக்கு நான் என்னவென்று எழுதுவேன், இதுவே மனதில் ஓடியது.

போய்ப் பார்த்தால் கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் வாழைப்பழம், மடியில் கோழிக்குஞ்சு. கடைக்காரச் சிங்கள அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, தெரிந்த தமிழில், "நீங்கதானா காணாமப் போன சீயா?" என்று கேட்டார். சீயா என்றால் தாத்தா. குஞ்சு பார்க்கப் பின்பக்கம் போனவள் திரும்பி வந்து லொறியைக் காணாமல், அந்த அம்மாவிடம், "எங்க தாத்தா தொலைஞ்சு போயிட்டாரு. நான் இங்கயே இருந்தா தேடி வந்துருவாரு, அம்மா சொல்லியிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்ததுதான் மகளே எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் அழுதேன். வாழைப்பழக் கையால் என் கன்னத்தைத் துடைத்து, "அழுவாதீங்க தாத்தா, அதான் கெடச்சிட்டீங்கள்ல" என்றாள். உன் அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

பிறகு கதிர்காமம் போய், உன் பேரிலும் சின்னவன் பேரிலும் அர்ச்சனை செய்து நல்லபடியாகத் திரும்பினோம். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். நம்பிப் பிள்ளையை விட்டவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தைப்பொங்கல் வரை தெய்வானை இங்கே இருக்கட்டும் என்றுதான் பேசியிருந்தோம். ஆனால் நேற்று நீ அனுப்பிய அவள் தம்பியின் படம் வந்தது. வெல்லவாயவில் ஒரு சொட்டு அழாத பிள்ளை, அந்தப் படத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். அதனால் தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நானுஓயாவில் ரயில் ஏறிக் கூட்டி வருகிறேன். அவள் இல்லாத வீட்டுக்கு நாங்கள் எப்படியோ பழகிக்கொள்வோம்.

சின்னவனுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. நீ பச்சை உடம்புக்காரி, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. வந்ததும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, அம்மாவை மட்டும் ஒன்றும் சொல்லாதே.

பிள்ளையின் கையைப் பிடித்தபடி வரப்போகும்,
உன் அப்பா
பழனியாண்டி