போட்டுவிட்டேன் என்ற ஒரு சொல்

பினாங்கு, ஆர்கைல் ரோடு
1929 மார்ச் 14, வியாழன் காலை

சிரஞ்சீவி சொக்கநாதனுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் உன் அம்மா சுகம், கெப்பாலா பத்தாஸில் உன் அக்கா குணவதியும் குழந்தைகளும் சுகம், லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை இந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என்னத்தத் தேடுறீங்க, பேனா கையிலதானே இருக்கு என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவளிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

போன கடிதத்தில், உன் சட்டக் கல்லூரி வாதப் போட்டியில் ஒரு மணி நேரம் காகிதமே பாராமல் பேசி ஜெயித்ததாக எழுதியிருந்தாய். உன் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்றால் பொய். ஆனால் அந்த வாரமே எங்கள் கோர்ட்டில் ஒரு வக்கீல் அப்படித்தான் பேசினார், காகிதம் பாராமல், கட்சிக்காரியின் முகத்தையும் பாராமல். அந்தக் கட்சிக்காரி பேர் வள்ளியம்மா. கடற்கரையோரம் எழும்புகிற புதுக் கிடங்கில் செங்கல் சுமக்கிறவள், இரண்டு பிள்ளைக்காரி. சாரத்தின் மேல் அவள் போகும்போது கூடையிலிருந்த கல் கீழே நின்ற வேலு மேஸ்திரியின் தலையில் விழுந்து, மனிதர் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது தேறிவிட்டார். முந்தின நாள்தான் அவர் எல்லோர் எதிரிலும் அவளைத் திட்ட, அவளும் பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே செய்தாள் என்று வழக்கு.

என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்லப் போட்டுட்டேங்க சாமி, அவரு மேல போட்டுட்டேங்க என்று அழுதாள். பக்கத்தில் நின்று அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நான், இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் நிற்கிற கோர்ட் துபாஷி. அன்றைக்கு அது ஒன்பதாவது வழக்கு, மணி பன்னிரண்டரை, பசி வேறு. கல்லை அவர் மேல் எறிந்தேன் என்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். வக்கீலும் தமிழர்தான், ஆனால் அடுத்து தான் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அவள் சொன்னது காதில் விழவே இல்லை. எழுந்தார், கோபத்தில் அறிவிழந்து எறிந்துவிட்டாள், ஏழை, இரக்கம் காட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். என்ன அழகான இங்கிலீஷ்! அவளோ தனக்காகத்தானே பேசுகிறார் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். டாக்டர் சாட்சிக்காக வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

அதற்குள் அவள் தங்கை முத்தம்மை யாரையோ பிடித்து வக்கீலை மாற்றிவிட்டாள். புது வக்கீல் அப்துல் ஹமீது, பேச்சில் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வரும். ஆனால் அவர் ஜெயிலுக்கு இரண்டு தடவை போய் அவள் எதிரில் உட்கார்ந்து, பொழுது விடிந்ததிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விடுதலை வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டவில்லையாம், எது நடக்கலாம், எது நடக்காது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாராம். பிறகு கிடங்குக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, செங்கல் கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு, சாரத்தில் அவள் நடந்த அந்த ஈரப் பலகையில் நடந்து பார்த்திருக்கிறார். பாதி வழியில் சறுக்கிவிட, வேலைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்களாம். திங்கட்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார். ஐயா, நான் குத்தம் சொல்ல வரலீங்க, அந்தப் பொம்பள வாயில வந்த வார்த்தய மட்டும் அப்படியே சொல்லுங்க என்றார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது என் காதிலேயே அது வேறு மாதிரி விழுந்தது.

உன் புருவத்தின் மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது தெரியுமா? உனக்குப் பத்து மாதம், குணவதிக்கு ஏழு வயசு. உன்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவள் ஓவென்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள், தம்பியப் போட்டுட்டேன்பா, தம்பியப் போட்டுட்டேன். அவள் உன்னை எறிந்தாளா? அன்றைக்கு ஒரு கணம்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை. வள்ளியம்மா மட்டும் எறிந்தவள் ஆகிவிட்டாள், ஏனென்றால் அவள் கூண்டில் நின்றாள், எனக்குப் பசித்தது.

இன்று பதினொரு மணிக்கு வழக்கு திரும்ப வருகிறது. நீங்க எந்திரிச்சு, அன்னிக்கு இங்கிலீஷ்ல சொன்னது தப்புன்னு சொல்லணும்னு நான் கட்டாயப்படுத்த மாட்டேன், உங்க பேரு எனக்கும் தெரியும், வேற வழி இருந்தா பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஹமீது போனார். வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லாவிட்டால் அவள் வருஷக் கணக்கில் உள்ளே இருப்பாள், சின்னவனுக்கு இன்னும் பால் மறக்கவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் மரியாதையோடு ஓய்வு பெறலாம் என்று நான் நினைத்திருந்தது நடக்காது. அதுகூடப் போகட்டும். இத்தனை வருஷத்தில் இன்னும் எத்தனை பேருடைய போட்டுட்டேனை நான் எறிந்தேன் என்று ஆக்கியிருப்பேன் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன், அதுதான் என்னை உட்கார விடவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது சொக்கா, அப்பனாக இதை உனக்கு எழுதுவதே வெட்கமாக இருக்கிறது.

நீ நன்றாகப் பேசு, பேசத்தானே இவ்வளவு தூரம் போயிருக்கிறாய். ஆனால் பேசுவதற்கு முன்னால் கேள். கட்சிக்காரன் எந்த வார்த்தையில் சொன்னானோ அந்த வார்த்தையிலேயே இரண்டு தடவை கேள். கோர்ட்டில் உன் பக்கத்தில் என்னைப் போல ஒரு நரைத்த துபாஷி நிற்பான், பார்க்கப் பெரிய மனுஷனாக இருப்பான். அவன் சொன்னதை அப்படியே நம்பிவிடாதே, அவன் உன் அப்பாவாக இருந்தாலும் சரி.

எலுமிச்சை ஊறுகாய் தனிப் பொட்டலமாக வருகிறது, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. ஆயுளும் அறிவும் குறைவில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
மு. சுப்பையா

பி.கு. இது உன் கைக்கு வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கோர்ட் வாசலில் என் கால் பின்வாங்கினாலும் வாங்கும் என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன். பத்து மணிக்குத் தபால் கட்டுவார்கள். இதைப் போட்டுவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகிறேன். இது கை தவறிப் போடுவதல்ல.