இல்லாத வரிகள்

மார்ச் 4, செவ்வாய்

புதுப் படம் வந்திருக்கிறது. பிரெஞ்சு. காதல் கதையாம். ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். சரியான கழுத்தறுப்பு.

அவன் பல் டாக்டர், கல்யாணமானவன். அவள் அவன் மனைவியின் சிநேகிதி. கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்தபடி சிகரெட் பிடிக்கிறார்கள். அதற்குப் பெயர் காதல். ஒரு காட்சியில் அவன் மனைவிக்கு ஃபோன் போடுகிறான். "ஃபிரிட்ஜைச் சரிபண்ண ஆள் வந்தானா? சரி. நான் இனிமே வீட்டுக்கு வரமாட்டேன்." அவ்வளவுதான். பக்கத்தில் இவள் கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் இவளையும் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இரண்டில் ஒன்றாவது உருப்படியாக இருக்கக் கூடாதா?

இதுகளுக்கு நான் தமிழில் சப்டைட்டில் எழுத வேண்டும். பிரெஞ்சு படித்தேன் இல்லையா, எனக்கு இது வேணும்.

கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை. என் அறையில் அக்கா இருக்கிறாள். அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியும் கையுமாக வந்தவள். குளிர் போய் வெயிலே வந்துவிட்டது, அவள் இன்னும் போகவில்லை.

மார்ச் 5, புதன்

அத்தான் கூப்பிட்டார். அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. தபால்காரி நான்தான்.

"ஸ்க்ரூடிரைவரை எங்க வெச்சான்னு உங்கக்காகிட்ட கேட்டுச் சொல்லு."

அக்காவிடம் போய், "நீ இல்லாம வீட்ல ஒரு பொருள் கைக்குக் கிடைக்க மாட்டேங்குதாம், புலம்பறார்" என்றேன்.

பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவரா? புலம்பினாரா?"

"பின்னே, நானா?"

இதில் பொய் என்ன இருக்கிறது? கிடைக்கவில்லைதானே!

மார்ச் 8, சனி

படத்தில் அவள் சொல்கிறாள்: "ராத்திரி முழுக்க உனக்காகக் காத்திருந்தேன்." அவன் கேட்கிறான்: "ஏன்?" ஒற்றைச் சொல். கல்லுளிமங்கன்.

"பாவம், எதுக்குக் காத்திருந்தே?" என்று எழுதினேன். வரியில் இடம் இருந்தது. சும்மா கிடக்கிற இடம்தானே. இன்னொரு காட்சியில் அவள் படுக்கையில் "நகரு" என்கிறாள். நான் "கொஞ்சம் நகர்ந்துக்கோயேன், கண்ணா" என்று போட்டேன். கண்ணா கொஞ்சம் ஓவர். இருக்கட்டும். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் திரையில் செருப்பை வீசாமல் இருக்க வேண்டும். மூன்று நாளாக இப்படித்தான் ஓடுகிறது. இப்போது அந்த ஜோடியைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் இரக்கம் வருகிறது.

மார்ச் 11, செவ்வாய்

அத்தான்: "வீட்டுச் சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டா. திருப்பி அனுப்பச் சொல்லு."

அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஓர் ஆசை. வாயில் தானாக வந்துவிட்டது. "சாவி உன்கிட்டயே இருக்கட்டுமாம். எப்ப வேணா வரலாமாம்."

அவள் உள்ளே போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஏன் சொன்னேன்? அவளுக்காகத்தான். இல்லை. அவள் போனால் அறை எனக்குக் கிடைக்கும். எழுதிவிட்டேன். இங்கே யார் படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 12, புதன்

அக்கா குளியலறையில் பாடுகிறாள்.

மார்ச் 14, வெள்ளி

திரைப்படக் கழகத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் வசனத்தைச் சரிபார்ப்பவரும் வந்திருந்தார். எதைக் கொடுத்தாலும் வெட்டுவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

பாதி வரை அமைதி. பிறகு முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரயில் நிலையக் காட்சி வந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். விளக்கு எரிந்ததும் அந்த அம்மா எழுந்து, "இவ்வளவு நேரம் அவ்வளவு அன்பாப் பேசினானே, எப்படிப் போவான்? ஏமாத்திட்டீங்களே!" என்று கத்தினார். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள்.

கத்தரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு வரும். அவன் முதல்லேருந்தே போறவன்தான். ஒவ்வொரு பேச்சுலயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கான். நீ அதை யார் காதுலயும் விழ விடல."

படத்தில் பிடிக்காத ஆட்கள் இருந்தால் பிடிக்காமலே இருக்கட்டும் என்றார். சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

பேருந்தில் வரும்போது பயம் பிடித்துக்கொண்டது. வேலை போய்விடும் என்று இல்லை. அக்கா.

மார்ச் 15, சனி

காலையில் அறைக்குள் போனேன். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. தலைக்குச் சாயம் அடித்திருந்தாள். ஒரு சட்டையை விரித்துக் காட்டி, "அத்தானுக்கு இந்த நீலம் எடுப்பா இருக்கும்ல? நாளைக்குச் சொல்லாமப் போய் நிக்கப் போறேன்" என்றாள்.

சொல்லிவிட்டேன். கோர்வையாக இல்லை. உளறினேன்.

உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவர் என்னதான் சொன்னார்? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். ஸ்க்ரூடிரைவர். வாஷிங் மெஷினில் எந்தப் பட்டன். சாவி. இத்தனை நாள் பேசியதில் அவ்வளவுதான் இருந்தது. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட ஒருநாள் கேட்டதில்லை.

"சாப்பிட்டாளான்னு கேட்டதா சொன்னியே?"

"அதுவும் நான்தான்."

"நீ ஏன்டி இப்படிப் பண்ணே?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பொய், பாசமான பொய். முழுங்கினேன். "எனக்கு என் அறை வேணும்."

சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. "அறை வேணும்னா அறை வேணும்னு கேட்டிருக்கலாமே. போயிருப்பேனே" என்றாள்.

ஐயோ, நான் என்ன ஜென்மம்? அந்தப் பல் டாக்டரை இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனாவது மனசில் இருந்ததைச் சொன்னான்.

மார்ச் 17, திங்கள்

திருத்திக் கொடுத்தேன். "ஏன்?" என்பது இப்போது "ஏன்?" மட்டும்தான். கத்தரி பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் பார்க்கவே சகிக்கல. சரியா இருக்கு" என்றார்.

அக்கா என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 22, சனி

அத்தான் கூப்பிட்டார். "உங்கக்காகிட்ட சொல்லு—" என்று ஆரம்பித்தார். நான் ஃபோனைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துவிட்டேன்.

வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்கா பேசியது மட்டும் கேட்டது. "ம்." "ம்." "அப்ப நான் இல்லாம நிம்மதியா இருக்கீங்க." அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். "நேரா சொன்னதுக்கு சந்தோஷம். சாவி நாளைக்கு வரும்."

ஃபோனைத் திருப்பித் தந்தாள். அழவில்லை. "நாளைக்கு ஒரு வீடு பார்க்கப் போறேன், கூட வர்றியா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, உடனே தலையாட்டினேன்.

மார்ச் 27, வியாழன்

படம் வெளியாகிவிட்டது. பத்திரிகையில் நாலு வரி. உப்புச்சப்பில்லாத கதை, ஒட்டாத பாத்திரங்கள், வெட்டென்ற வசனம். வெட்டென்ற வசனம் என் உபயம். அந்த நாலு வரி வெட்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா காலையில் போய்விட்டாள். அவள் வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், திரைச்சீலை மாட்டிக் கொடுத்தேன். காபி போட்டுக் கொடுத்தாள். பாலில்லாமல் கசந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மேசையை என் அறைக்குள் தள்ளிப் போட்டாயிற்று. நாள் முழுக்க அங்கே உட்காரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கியாக்கா?"

"இல்லடி" என்றாள்.

சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தன. எல்லாம் சரியாயிடும், காலம் ஆத்தும், நான் இருக்கேன். ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை இரண்டு பேருமே வைக்கவில்லை.